முன் இருக்கை

வெள்ளம் பார்க்காத வண்டி என்று
பூந்தமல்லி சாலைத் தரகர் மூன்று முறை சொன்னார்.
நான் கால்விரிப்பைத் தூக்கி மோந்து பார்த்தேன்.
எலுமிச்சை வாசனை.
சீட் பெல்ட் போல்ட்டில் துரு இல்லை.
ஏழு பேர் உட்காரலாம். நாங்கள் நாலு பேர்.
மிச்ச மூன்று பேர் எங்கிருந்தாவது வருவார்கள் என்று
தணிகைவேல் நம்பினான்.
ஐந்து லட்சத்து நாற்பதாயிரம்,
அதில் என் வளையல் இரண்டு.

குறைகள் ஒவ்வொன்றாகத்தான் வாய் திறந்தன.
பாடி மேம்பாலம் ஏறும்போது
இரண்டாம் கியரில் ஒரு முனகல்.
ஏசி இடப்பக்கம் மட்டும் மார்கழி.
மேல்கண்ணாடி ஐப்பசியில் சொட்டியது,
சரியாக ஆதிரையின் கணக்கு நோட்டில்.
சாவி போட்டதும் திரை
'நசீர் போன்' என்று தேடும்.
அழித்தாலும் மறுநாள் தேடும்.
நசீர் போன் அருகில் இல்லை
என்று தானே சொல்லிக்கொள்ளும்.

அந்த நசீர்தான் கூப்பிட்டார், ஒரு செவ்வாய்க்கிழமை.
தரகரிடம் நம்பர் வாங்கினாராம்.
"கம்பெனிலேர்ந்து என் பேருக்கு லெட்டர் வந்திருக்கும்மா,
வண்டி உங்ககிட்ட இருக்கு.
முன்சீட்டு ஏர்பேக். டிரைவருது இல்ல, பக்கத்துது.
வெடிச்சா உள்ளேர்ந்து தகரம் தெறிக்குமாம்."
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
"ஆறு வருஷம் எங்க வீட்டம்மா அங்கதான் உட்கார்ந்தா.
பெரம்பூர்லேர்ந்து நாகூர் வரைக்கும்
மடியில பையனோட தூங்கிக்கிட்டே வருவா."
நல்லா இருக்காங்களா என்று கேட்டேன்.
"நல்லாத்தான் இருக்கா.
இப்பதான் அவகிட்ட படிச்சுக் காட்டினேன்.
சிரிக்கிறா."

அம்பத்தூர் எஸ்டேட் பணிமனையில்
ஜெரோம் என்ற பையன் சேசிஸ் நம்பரைத் தட்டினான்,
பதினேழு எழுத்து, இரண்டு தடவை தப்பாக.
"திரும்ப அழைச்சிருக்காங்க மேடம்."
பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்த மாதிரி சொன்னான்.
பணம் வேண்டாம். பார்ட் வரவில்லை. தேதி தெரியாது.
அதுவரைக்கும் முன்னால் இடதுபக்கம்
யாரும் உட்கார வேண்டாம்.
சொன்னதற்கு என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

நான்கு மாதம்.
நான் நடு வரிசைக்கு வந்தேன்.
என் இடத்தில் தக்காளி உட்கார்ந்து வந்தது.
ஒருநாள் என் கைப்பையை வைத்தேன்,
அதன் கனத்துக்கு வண்டி மணியடித்தது.
தணிகை எட்டி அதற்குப் பெல்ட் போட்டான்.
குழந்தைகள் சிரித்தார்கள். எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

பதினான்கு வருஷத்தில் நான் பார்க்காத பிடரி அது.
காதுக்குப் பின்னால் நரைத்த ஒரு சுழி.
காலர் நைந்திருக்கிறது, துவைப்பவள் நான்,
எனக்கே தெரியவில்லை.
கண்ணாடியில் கண் மட்டும் தெரிகிற ஆளிடம்
பள்ளிக் கட்டணம் பேச வரவில்லை.
தள்ளிப் போட்டேன், அதுவும் தள்ளிப் போயிற்று,
அபராதத்தோடு கட்டினோம்.
ரெட்டேரி சிக்னலில் ஒரு சாயங்காலம்
தண்ணி லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில்
"உன் பக்கம் பார்" என்றான்
தக்காளியிடம்.
நான் பின்னாலிருந்து "வரலாம், வா" என்றேன்.
அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பார்ட் வந்தது. நாற்பது நிமிஷ வேலை.
பழையதைக் காட்டச் சொன்னேன்,
அதைக் காட்ட மாட்டார்களாம்.
நசீருக்குச் சொல்லத் தோன்றியது.
"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.
அப்புறம், தொண்டையைச் செருமி,
"ரெண்டாம் கியர்ல ஒரு முனகல் இருக்குமே,
இருக்கா?"
இருக்கு.
"எனக்கும் இருந்துச்சும்மா. சொல்லாம வித்துட்டேன்.
மேல்கண்ணாடிக்கு, மழைக்கு முன்னாடி
ஓரத்து ஓட்டையில சைக்கிள் கம்பி விட்டுக் குத்தணும்.
அதையும் சொல்லல."

பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை.
கம்பி எந்த அளவு என்று கேட்டேன்.

திரும்பி வரும்போது முன்னால் உட்கார்ந்தேன்.
இருக்கையில் ஒரு வெங்காயச் சருகு.
பாடி மேம்பாலத்தில் முனகல் தொடங்கியது.
ஆதிரை அதே சுருதியில்
கூடவே முனகிக்கொண்டு வந்தாள்.